ஜெனரலுக்குத் திட்டத் தெரியாது

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் ஜெனரல் மேடை ஏறிவிட்டார். போன சனிக்கிழமை மத்தியானம், எடிசனில், நம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில். வேஷம் கட்டியவன் நான்தான். சிரிக்காதீர்கள்.

நீங்கள் எழுதிய நாடகம், நீங்களே நடிக்க வேண்டியது. திடீரென்று நீங்கள் போய்ச் சேர்ந்ததும் விழாக் குழு, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றது. வாய் ஓயாத நம் மலரக்கா, நாலு மாதமாகக் கேட்டதற்கு மட்டும்தான் பதில். அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது அத்தான். உங்கள் நாடகத்தைப் பார்த்தாலாவது பேசுவாளோ என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஜெனரலின் இருநூறு வருஷத்துப் பழைய வீட்டுக்கு நாம் புளியோதரையோடு பிக்னிக் போனதில்தானே உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது? அப்புறம் மன்ஹாட்டன் ரயிலில் தினமும் அவர் கதைதான். பிரஷ்யாவில் பட்டாளத்துக்காரர் மகன். மீசை முளைக்கும் வயதில் படையில் சேர்ந்து, காயம்பட்டு, ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு வளர்ந்தவர். சண்டை முடிந்ததும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு குட்டி சமஸ்தானத்தில் அரண்மனை விசாரிப்பு. கடைசியில் சுதந்திரப் போருக்கு ஆள் தேடிய அமெரிக்கத் தூதர்கள், கேப்டனாக இருந்தவரை லெப்டினன்ட் ஜெனரல் என்று எழுதி, கூட ஒரு நாயோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

“ரெஸ்யூமேல எக்ஸ்பீரியன்ஸ் கூட்டிப் போட்டு வந்த மொத கன்சல்டன்ட் இவர்தாம்டே!” என்று நீங்கள் கத்தியதில் எதிர் சீட்டு அம்மா எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டாள்.

ஆனால் மனுஷர் வேலை தெரிந்தவர். பனியில் செருப்புகூட இல்லாமல் கிடந்த அமெரிக்கப் படையில் நூறு பேரைப் பழக்கி, அவர்களை வைத்து மற்றவர்களைப் பழக்கினார். சமையல் ஒரு கோடியில், கக்கூஸ் மறு கோடியில் என்று பிரித்து வைத்தார். இங்கிலீஷ் மட்டும் வராது. தன் பாஷையில் திட்டிக் களைத்துப்போய், “எனக்காக நீ திட்டு” என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வாராம். உங்கள் நாடகமே அந்த இடத்தில்தானே நிற்கிறது?

அங்கேதான் எனக்குக் கண்டம். மொழிபெயர்ப்பாளராக நடிக்க வேண்டிய பாஸ்கர் அங்கிள் டர்ன்பைக் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். வந்துவிடுவார் என்று நம்பித் திரையைத் தூக்கிவிட்டார்கள். எதிரே பன்னிரண்டு சாஃப்ட்வேர் சிப்பாய்கள். லெஃப்ட் என்றால் ரைட்டில் போகிறார்கள். நான் ஜெர்மன் மாதிரி எதையோ உறுமினேன். பதில் சொல்ல ஆள் இல்லை. மறுபடி உறுமினேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏலே, நட்டு வச்ச கம்பு கணக்கா நிக்கியே! காலை எடுத்து வையேன்!”

அக்கா என்னைத்தான் திட்டினாள். ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளரின் முதல் வசனமே அதுதானே! எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வசனங்கள் மொத்தமும் இருபத்தைந்து வருஷமாக நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டவை. நான் அக்காவைப் பார்த்து இன்னும் சத்தமாக உறுமினேன். என்ன நினைத்தாளோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

“ஒரு வேலை சொன்னா ஒம்போது கேள்வி! ஷூவை நடுவீட்டுல போடுதது! காதுல என்ன பஞ்சா?”

பன்னிரண்டு பேரும் கல்யாணமானவர்கள். சட்டென்று லெஃப்ட் ரைட் சரியாக வந்துவிட்டது. பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை.

திரும்பி வரும்போது காரில் நாடகக் காகிதங்களைக் கொடுத்தேன். அதுவரை அவள் படித்ததே இல்லை. “பாவி மனுஷன், நான் ஏசினதெல்லாம் எழுதி வச்சிருக்காரு பாத்தியா!” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்ததில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டேன்.

“எக்ஸிட்டை விட்டுட்டியே! எங்கலே பாத்து டிரைவ் பண்ணுத?”

நாலு மாதத்துக்கு அப்புறம் கேட்கிறேன் அத்தான். என்ன சுகமாக இருந்தது தெரியுமா? வீடு வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். உங்களுக்கும் கேட்டிருக்குமா?

டெக்சாஸில் ஆலன் தமிழ்ப் பள்ளியிலும் இந்த நாடகத்தைக் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இனி வாரா வாரம் அக்கா வீட்டுக்குப் போவேன், ஷூவை நடுவீட்டில்தான் கழற்றிப் போடுவேன். இது சத்தியம்.

உங்கள் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கும்,
உங்கள் மச்சினன்
குமார்