பின்சீட்டு நயினார்

8.2.84, புதன்

தாலுகா ஆபீஸில் இன்று என் கையெழுத்தைத் தாசில்தாரே எடுத்துக் காட்டினார். "யசோதரன் எழுதினா அச்சு கோத்தாப்ல இருக்கும்" என்றார். எல்லோர் எதிரிலும்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவிடமிருந்து கார்டு. பெரியப்பாவுக்கு எண்பது முடிகிறதாம். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. பொழுதோட வரதா இருந்தா வாங்க." இரண்டாவது வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்.

அந்தக் கோடு எனக்குத்தான். கார்த்திகையில் தீபக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், இருட்டின பிறகு போய் இறங்கினோம். எங்களுடையது ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் பெரியப்பா ஒரு வாய் சோறு தொடமாட்டார். வருகிறவர்களை விட்டுத் தான் முந்திச் சாப்பிடுகிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. எங்களுக்காகக் காத்திருந்து, அப்படியே பட்டினியாகப் படுத்தார். மறுநாள் காலை கோயில் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கிளம்புகிற வரைக்கும் பெரியம்மா என்னோடு பேசவில்லை. என் மனைவி கனகலதாவோடு நன்றாகப் பேசினார். அதுதான் உறைத்தது.

இந்தத் தடவை மத்தியானம் இரண்டு மணி பஸ். மாற்றமே இல்லை.

9.2.84, வியாழன்

பொழுதோடு வந்துவிடுவோம் என்று பதில் போட்டேன். நானும் அடியில் கோடு போட்டேன்.

11.2.84, சனி

ஆபீஸ் பலராமன் வேங்கிக்காலில் புதுவீடு கட்டியிருக்கிறார். காலையில் கிரகப்பிரவேசம். மொபெட்டில் போனோம்.

மொபெட் லதாவுடையது. கிராமம் கிராமமாகப் போகிற நர்ஸ் அவள். ஏழு ஊர் அவள் பொறுப்பு. எனக்குச் சைக்கிளே வராது. முப்பத்தாறு வயதில் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இது என் டைரிதானே. அவள் ஓட்டுவாள், பின்சீட்டில் நான். எங்கே போனாலும் நூறு அடி முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். அவள் வண்டியை உருட்டிக்கொண்டு வர, நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடப்பேன். பார்க்கிறவர்கள் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும், நான் பின்னால் உட்கார்ந்து வந்ததாக மட்டும் நினைக்கக் கூடாது.

இன்று ஏரிக்கரை வளைவில் நான் சொல்வதற்கு முன்பே நிறுத்தினாள். "எறங்குங்க, கௌரவம் வந்துடுச்சி" என்றாள்.

பலராமன் வீட்டில் இவளைச் சுற்றி நாலைந்து பெண்கள். அவருடைய மாமியார் காசியம்மாள் என்னிடம் வந்து, "ஒங்க வூட்டம்மா வந்தப்பறம் எங்க ஊர்ல பிரசவம்னா பயம் கம்மி சார்" என்றார். மனசுக்குள் அப்படிப் பூரித்தது. வெளியில், "அதெல்லாம் அவங்க கடமைங்க" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவைத்தேன்.

திரும்பும்போது லதா சொன்னாள்: "தெனம் மருந்துப் பெட்டிய பின்னால வச்சிகினு போறேன். அது ஒரு ஊர்லயும் நூறு அடி முன்னாடி எறங்கிக்கிறேன்னு சொன்னதில்ல."

 நான் வீடு வரைக்கும் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தேன்.

12.2.84, ஞாயிறு, காலை

ஒன்பதரைக்கு ஓர் ஆள் சைக்கிளில் பறந்து வந்தான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை லதாவுக்கு டியூட்டி இல்லை. இருந்தும் பெட்டியைத் தூக்கிவிட்டாள். "ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேங்க."

பிள்ளை பஸ் டைம் பார்த்தா பிறக்கும்?

அதே நாள், நாலு மணி

வரல. பஸ் போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் மட்டும் போயிருக்கலாம் — மருமவ எங்கடான்னு கேட்டா இன்னா சொல்றது? அடுத்த பஸ்ல போனா இருட்டுதான். எழுதிக் கொடுத்தேனே, கோடு வேற போட்டேனே. எண்பது வயசுப் பெரியவர் அங்க வாசலைப் பாத்துகினு உக்காந்திருப்பாரு. திரும்பவும் தலைசுற்றி விழுந்தா?

13.2.84, திங்கள்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நாலே முக்காலுக்கு வந்தாள். பெண் குழந்தை, தாயும் சுகம். குளித்தாள், வேறு புடவை கட்டினாள், வண்டியை வெளியே எடுத்து "ஏறுங்க" என்றாள்.

"ஊருக்கா? இதுலயா?"

"வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?"

ஏறினேன். மனசில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊர் எல்லையில் ஒரு கல்வெர்ட்டு, சின்ன வாய்க்கால் பாலம், உண்டு. அங்கே இறங்கிவிடலாம்.

வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். கூட்ஸ் வண்டி, அவசரமே இல்லாமல் போனது. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவைத் தாண்டும்போது மணி ஐந்து ஐம்பது. அப்புறம் மண் ரோடு, இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை. இரண்டு தடவை சக்கரம் சறுக்கியது. இரண்டு தடவையும் காலை ஊன்றி நிமிர்த்திக்கொண்டு போனாள். விடிந்ததிலிருந்து ஒரு நிமிஷம் உட்காராதவள். நான் மேற்கே பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக வந்தேன்.

கல்வெர்ட்டு வந்தது. வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்றினாள். 

அங்கிருந்து பெரியப்பா வீடு தெருவின் மறுகோடி. நடந்தால் கால் மணி. பனைமரத் தலைக்குச் சற்று மேலே சூரியன். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குச் சாப்பாட்டுக் கடை முடிந்து, ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் வெளியே நிற்பார்கள். என் மாமா மகன் சாந்திநாதன் கட்டாயம் நிற்பான். ஊரில் யாருக்கு என்ன பட்டப்பேர் என்று முடிவு செய்கிறவன் அவன்.

ஒரு பக்கம் என் வேட்டி மடிப்பு. ஒரு பக்கம் அந்தக் கிழவரின் பசி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிக்காக என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நிறுத்தாத. வாசல் வரைக்கும் ஓட்டு" என்றேன்.

ஓட்டினாள். தெரு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. கோயிலைத் தாண்டும்போது சாந்திநாதன் குரல்: "பின்சீட்டு நயினார் வராருடோய்!" எங்கள் ஜனத்தில் பேருக்குப் பின்னால் நயினார் என்பது மரியாதை. அப்பா வைத்த யசோதர நயினார் அந்த இடத்தோடு முடிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குனிந்திருந்த முதுகை நிமிர்த்திக்கொண்டேன். முன்னால் ஓட்டிப்போகிறவள் என் பெண்டாட்டி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

இலை போட்டது போட்டபடி பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பெரியம்மா மேற்கே பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைய கழுவுங்க, சீக்கிரம்" என்றார். வேகவேகமாகச் சாப்பிட்டோம். பெரியப்பா கை கழுவும்போது முற்றத்தில் வெளிச்சம் இருந்தது, நாங்கள் இன்னும் இலையில் இருந்தோம்.

அப்புறம்தான் கேட்டார்.

"யாரு ஓட்டியாந்தது?"

"கனகலதா."

"நீ?"

"பின்னாடி உக்காந்து வந்தேன் பெரிப்பா."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கேட்ல நின்னது போக ஒரு மணி நேரம்."

"பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பெரியம்மா லதாவின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். பிறகு என் இலையிலும்.

14.2.84, செவ்வாய்

தாலுகா ஆபீஸ் வாசலிலேயே இறங்கினேன். தாசில்தார் பார்த்தார். பார்க்கட்டும்.

10.3.84, சனி

பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. திங்கட்கிழமை இங்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். "மருமவள வண்டியோட அனுப்பு" என்று கார்டு வந்தது. என் பேரே இல்லை. மரியாதைக்கு இன்று நானும் கூடப் போனேன்.

போகும்போது பின்சீட்டு எனக்கு. திரும்பும்போது பெரியப்பாவுக்கு. சலவை வேட்டி, தோளில் துண்டு. தெருவே வேடிக்கை பார்க்க ஏறி உட்கார்ந்தார். பெரியம்மா லதாவிடம், "மெதுவா போம்மா" என்றார். பெரியப்பா, "அவளுக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றார். வண்டி கிளம்பிப் போவதைச் சாந்திநாதனும் பார்த்துக்கொண்டு நின்றான். இதற்கு என்ன பேர் வைப்பது என்று அவனுக்கே தோன்றவில்லை போல.

நான் நடந்து கீழ்பென்னாத்தூர் வந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஒன்று நிற்காமலே போனது. அடுத்ததில் தொற்றிக்கொண்டு வீடு வரும்போது ஏழு மணி. பெரியப்பா சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு நினைவு தெரிந்து அவர் யாரையும் விட்டு முந்திச் சாப்பிட்டதில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"நீ பஸ்ல வரேன்னு தெரியும்டா. அதான் ஒனக்காவ காத்துகினு உக்காரல."

பெரியவர் எதிரில் பொழுதுபோய் நான் எப்படிச் சாப்பிடுவது? காலை வரைக்கும் பட்டினிதான். லதா எட்டிப் பார்த்து, "ரொம்ப பசிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.