அப்பாவை வியாபாரி ஆக்கிய பத்திரம்

வெகுதானிய வருஷம், ஆவணி 12, இரவு

சாயங்காலம் மதுரையிலிருந்து வட்டிக்காரர் வந்தார். பழைய பத்திரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டுமாம்.

"என்ன வியாபாரி, நல்லா இருக்கீகளா?" என்றார் அப்பாவிடம். அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் விற்றது இரண்டே கன்றுக்குட்டிகள். ஆனாலும் அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெற்றிலைத் தட்டை வைக்கும்போது புதுப் பத்திரத்தைப் பார்த்தேன். மாட்டு வியாபாரத்துக்கு வாங்கிய கடன் என்று எழுதியிருந்தது. அப்பா வாங்கியது விதைக்கு. புதுச் சட்டம் வட்டியைக் குறைப்பது விவசாயிகளுக்கு மட்டும்தான் என்று சாவடியில் படித்துச் சொன்னார்கள். இதில் கைநாட்டு வைத்தால் சட்டம் எங்களுக்கு இல்லை. வட்டி ஏறி, ஈடாக வைத்த கிணற்று வயல் போய்விடும்.

அப்பாவின் கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. வெளியாள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை.

"அப்பா, இதுல வியாபாரக் கடன்னு இருக்கு. நம்ம வெதைக்குல்ல வாங்குனோம்."

வட்டிக்காரர் சிரித்தார். "வக்கீலம்மாவுக்கு எம்புட்டு பீஸு?"

அப்பா சிரிக்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்தார். "காலையில கணக்குப்பிள்ளைகிட்ட காட்டிட்டு வைக்கிறேன், முதலாளி."

"காட்டுங்க. அடுத்த வெதைப்புக்கு மட்டும் எங்கிட்ட வந்துராதீக."

காட்டச் சொன்னவரே பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா திட்டவில்லை; காலி விதைப்பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். அம்மாவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மேற்கே மின்னுகிறது. மழை விழுந்தால் உடனே விதைக்க வேண்டும்; வீட்டில் ஒரு படி விதைகூட இல்லை. இன்றைக்கு மழை வேண்டாம் என்று சாமியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டில் சொட்டுச் சத்தம் கேட்கிறது.