ரோஸ் மிட்டாய் சுற்றிய அக்கா

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த மைமூன் அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்துத் தோழிகள் எல்லாரும் கூடினோம். மண்டப வாசலிலேயே கண்ணாடி ஜாடிகளில் கமர்கட், தேன் மிட்டாய், சூட மிட்டாய் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் சிறுபிள்ளைகள் மாதிரி அள்ளித் தின்றார்கள். நானும்தான்.

"எல்லாம் இருக்கு, நம்ம ரோஸ் மிட்டாய் மட்டும் இல்லையே. அந்தக் கம்பெனிய மூடிட்டாகளாம். எம்புட்டு ருசி! நெனச்சாலே அழுகையா வருது" என்றாள் மம்சாபுரத்து லட்சுமி.

நீ சுற்றிய மிட்டாயைத்தான் அக்கா சொன்னாள். ராஜபாளையத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்ததே, அந்தக் கம்பெனி. அத்தா நோயில் படுத்ததும் எட்டாம் வகுப்போடு உன்னை நிறுத்தி, அங்கே மிட்டாய்க்குத் தாள் சுற்ற அனுப்பினார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். உடைந்த மிட்டாய்களை நீ தாவணி முனையில் முடிந்து கொண்டுவருவாய். அதை வகுப்பில் பங்கு வைத்தே நான் பெரிய ஆளானேன். நீ ஒன்றைக்கூட வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் எல்லாரும் கையால் சாப்பிட, நீ மட்டும் கரண்டியால் சாப்பிடுவாய். "துரைசாணிக்குக் கையில சோறு பட்டா ஆகாதோ?" என்று கேலி செய்வேன். நீயும் சிரிப்பாய். போன வருஷம் நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள்தான் அம்மா சொன்னாள்: "தாளை முறுக்கி முறுக்கி அவ வெரலு அம்புட்டும் வெடிச்சுக் கெடந்துச்சுட்டி. கொழம்பு பட்டா காந்தும். ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

ஏன்க்கா சொல்லவில்லை? சொன்னால் நான் தின்பதை நிறுத்திவிடுவேன் என்றா? நிறுத்தியிருப்பேனா?

மண்டபத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த மிட்டாயச் சுத்துனது எங்கக்கா. பதிமூணு வயசுப் பிள்ள. அந்தக் கம்பெனிய மூடுனது எனக்குச் சந்தோசம்தான்" என்றேன். லட்சுமி சொன்னாள்: "ஏட்டி, அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தான. நல்ல நாளும் அதுவுமா இத ஏன் எடுக்கிற?"

யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள். நானும் போய் நின்றேன். சிரித்தேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். லட்சுமி ரோஸ் மிட்டாய் என்று சொன்ன உடனே எனக்கும் எச்சில் ஊறியது. அம்மா சொல்லி, இத்தனையும் தெரிந்த பிறகும். இந்த நாக்கை நான் என்ன செய்வது?

இனிமேல் யார் அந்த மிட்டாய்க்காக ஏங்கினாலும் உன் பேரைச் சொல்வேன். முகத்தைச் சுளித்தாலும், பேச்சை மாற்றினாலும் விடமாட்டேன். ஆனால் அது கசந்தது என்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. ரொம்ப இனிப்பாகத்தான் இருந்தது.

நீ படிப்பை விட்டதால் படித்த தங்கச்சி,
ஜமீலா