மாமிட சோறு

வியாழன், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

இன்று சனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண்பிள்ளை வந்தாள். வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த பிறகு நான் பின்னறையில்தான் இருக்கிறேன். பிரஷருக்காக உப்பில்லாத சோற்றை அங்கேயே ஆக்கிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு ராத்தாவும் அப்படித்தான். அடுப்பு வேறு என்பதால் நேற்று அவரைத் தனிக்குடும்பம் என்று எழுதிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. என்னை எப்படிச் சொல்வீர்கள் என்று மகளிடம் கேட்கவும் ரோசம் விடவில்லை.

மருமகன்தான் பதில் சொன்னார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"பின்னால இன்னொரு அடுப்பு இருக்கே. உங்கட மாமி தனியப் பிறம்பாவா ஆக்குற?" என்று அவள் கேட்டாள்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் என் சாமான்களையெல்லாம் மனதுக்குள் கட்டி முடித்துவிட்டேன்.

"மாமிட சோத்துல உப்பில்ல, அவ்வளவுதான். அரிசி ஒரே மூட்டை, குடும்பமும் ஒண்டுதான். ஆறு பேர் எண்டு எழுதுங்க" என்றார்.

மருமகனோடு நேரே கதைத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் பின்னேரம் கணவாய் வாங்குவித்து, என் அடுப்பில் கறியாக்கி, மகளிடம் கொடுத்தனுப்பினேன். உப்புப் போட்டு ஆக்கி நெடுநாள். ருசி பார்க்கவும் முடியாது. கை சொன்னபடி போட்டேன்.

சாப்பாடு முடிந்து மகள் வெறும் சட்டியோடு வந்தாள். "உப்புக் கூடிட்டாம், உம்மா. ஆனா சட்டிய வழிச்சித் திண்டுட்டார்."

அல்ஹம்துலில்லாஹ். நாளைக்குக் குறைத்துப் போட வேண்டும்.