இடது கார்புரேட்டர்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஷெட்டுக்குள் ஈரம். சிநேகிதன் தயாளன் தன் பழைய ரெட்டை சிலிண்டர் பைக்கை ரிப்பேருக்கு விட்டுப்போனான். ஞாயிற்றுக்கிழமை தங்கவயலில் மகளுக்கு நிச்சயம். பஸ்ஸில் போயேன்டா என்றேன்.

"சம்பந்தி ஊட்ல வண்டில போய் எறங்கனாத்தான்டா கெத்து."

ஐம்பத்து மூன்று வயது. பந்தா மட்டும் குறையவில்லை.

செய்ய: ரெண்டு கார்ப் (கார்புரேட்டர்) கழற்றிக் கழுவ. மிதவை மட்டம். கேபிள் புதுசு. மனைவி ஸ்டெல்லாவுக்கு சுகர் மாத்திரை.

ஜூலை 9, புதன்

மாத்திரை மறந்தேன். வீட்டில் அர்ச்சனை.

பெட்ரோல் வரும் சின்ன ஜெட் துளை ரெண்டும் அடைப்பு. ஊசி போட்டுக் குத்தவில்லை, ஊதியே எடுத்தேன். டீக்கடையில் கரண்ட் இல்லை. "ஸ்வல்ப இருங்கண்ணா, அடுப்பு பத்த வச்சிட்டேன்." அரைமணி நேரம்தான் அவன் கன்னடத்து ஸ்வல்ப, ‘கொஞ்சம்’.

ஜூலை 10, வியாழன்

டியூனிங். என் வழக்கம்தான். கார்ப் வாயில் ரப்பர் குழாயின் ஒரு முனை, காதில் மறு முனை. வண்டிக்குப் பின்னால் குந்தி, இ. (இடது) கார்பை இ. காதில், வ. (வலது) கார்பை வ. காதில். காற்று இழுக்கும் சத்தம் ரெண்டிலும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. மீட்டர் வாங்கு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கெதற்கு மீட்டர்?

இ. பக்கம் சத்தம் கம்மி. அந்தக் கார்பின் ஸ்க்ரூவைத் திறந்தேன். அப்போதும் கம்மிதான். மறுபடி அரைச் சுற்று. சமம்.

வண்டியில் கொஞ்சம் உதறல். புதுக் கேபிள், செட் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் தயாளன் எடுத்துப்போனான்.

ஜூலை 13, ஞாயிறு

தயாளன் மனைவி மேரி போன். அழுகையில் பாதி புரியவில்லை. ஹொஸ்கோட்டே தாண்டி, நல்ல வேகத்தில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் நின்றுவிட்டது. தூக்கி எறிந்திருக்கிறது. தோள்பட்டை எலும்பு முறிவு. சிவாஜிநகரில் ஆஸ்பத்திரி.

அப்பா இல்லாமலே நிச்சயம் முடிந்ததாம். நான் சோறு சாப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

டெம்போவில் வண்டி வந்தது. பிரித்தேன். வ. பிஸ்டன் பளபள. இ. பிஸ்டன் கீறிக் கிழிந்து சிலிண்டரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஏன் ஒன்று மட்டும்?

மதியம் ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்த ஸ்டெல்லா, நான் போனில் தடுமாறுவதைப் பார்த்து: "அந்தக் காதுல வச்சா ரெண்டு தடவ கத்தணும். போனை இந்தப் பக்கம் வச்சிப் பேசுங்க."

போனை இ. காதில் வைத்தேன். வ. காதில் வைத்தேன். மறுபடி இ. பாதிதான் கேட்கிறது.

கார்பில் குறையே இல்லை. என் செவிட்டுக் காதுக்குச் சமமாகக் கேட்கட்டும் என்று அதை ஏகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறேன். பாரம் முழுக்க அந்த ஒரு பிஸ்டன் இழுத்து, சூடேறிப் பிடித்திருக்கிறது. பாவி. ஒரு மீட்டர் வாங்கித் தொலைத்திருக்கலாம். இல்லை, ஒரே காதில் ரெண்டையும் வைத்துக் கேட்டிருக்கலாம். அந்தப் புத்திகூட இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மழை. சட்டையெல்லாம் நனைந்தது. மேரி அவனை வறுத்துக்கொண்டிருந்தாள். "பெட்ரோல்ல கலக்கற ஆயில கம்மியா ஊத்திட்டேன்னு இவரே சொல்றாருண்ணா! பொண்ணு நிச்சயத்துல பெத்தவன் இல்ல. எல்லாம் இந்த மனுஷனோட அலட்சியம்." அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. ஆயில் இல்லை மேரி, என் காது, என்றேன். எல்லாம் சொன்னேன். மேரி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தயாளன் தலையை நிமிர்த்தினான். "தெரியும்டா. ஒரு வருஷமா உன் வலப்பக்கம் வந்துதானே பேசறேன். அதான் ஆயில்னு சொல்லி வச்சேன்."

"தெரிஞ்சுமா வண்டியக் குடுத்த?"

"வேற ஷெட்ல வுட்டா, ஏன்டான்னு கேப்ப. இன்னான்னு சொல்றது உன்கிட்ட, காது போச்சுன்னா?"

அழுதுவிட்டேன். கட்டுப் போடாத கையால் என் தோளைத் தட்டினான். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அந்தக் கையை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.