மேலே பார்க்க ஒரு ஆள்

கேள், பெரிய செய்தி: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நான் திரும்பவும் ஒரு சின்னக் காரின் கூரையில் தோணியைக் கட்டிக்கொண்டு கோப்பாய் வெளியால் ஓடப் போகிறேன், இப்போது அதற்குக் கயாக் என்று பெயர், நிறம் மட்டும் அதே செம்மஞ்சள்.

நேற்றுப் பின்னேரம் கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். கார்க் கூரையில் கயாக் கட்டுவது எப்படியென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை செய்து காட்டினாள். எனக்கு இதெல்லாம் இப்போது பைத்தியம். முடிச்சுப் போடுவதும் துடுப்புப் பிடிப்பதும் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியவைதான். அவள் கயிற்றைக் கையில் எடுத்து, சிரித்தபடி சொன்னாள்: “கயிற்றைக் காருக்குள்ளால் விடுவதானால் முதலில் கதவுகளைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்களால் வெளியே வர முடியாது.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கிப் பல வருடம். ஆனாலும் அந்தப் புகை மணம் வந்து மூக்கில் நின்றது. கூடவே நீயும் வந்தாய்.

குருநகர்க் கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் நீயும் உன் அப்பாவும் கோப்பாயில் எங்கள் வளவுக்கு வந்தீர்கள். என்னைப் பெற்ற ஐயா தன் வாடகைக் கார் நிற்கும் கொட்டிலில் பாதியைத் தென்னங்கிடுகால் மறைத்துத் தந்தார். மறைப்புக்கு இந்தப் பக்கம் ஏ-போட்டி என்ற பழைய ஒஸ்ரின் கார், அந்தப் பக்கம் நீங்கள் இருவரும். “கார் எங்களைவிட நல்லா நித்திரை கொள்ளுது” என்று முதல் நாளே நீ சொன்னாய். நமக்கு ஒரே வயது. அன்றிலிருந்து ஒரே கோப்பையில் தேத்தண்ணி.

உன் அப்பா கடற்றொழில் செய்தவர். கடலுக்குள் இறங்கினால் நேவி சுடும் காலம் அது. மனிதர் கொட்டில் வாசலில் இருந்து கிழியாத வலையை அவிழ்த்துத் திரும்பவும் பின்னிக்கொண்டிருப்பார். சோற்றுக் கோப்பையைக் கையால் தள்ளுவார். நெஞ்செலும்பு தெரியத் தொடங்கியது. ஒரு நாள் நீ கிணற்றடியில் வைத்துச் சொன்னாய்: “அப்பா இப்பிடியே இருந்தாச் செத்துப்போவார் எடி. அவருக்கு வருத்தம் சாப்பாட்டாலை வந்ததில்லை. இறங்கத் தண்ணி இல்லாததாலை.”

தண்ணீர் இருந்தது. கோப்பாய்க்குக் கிழக்கே, கைதடிப் பாலத்தடியில், நேவியின் கண்ணுக்கு எட்டாத ஆழமில்லாத கடல்நீர். தோணிதான் இல்லை. பெரிய வள்ளத்தை ரோட்டால் கொண்டுவர முடியாது. அப்போதுதான் உனக்கு அந்த வெள்ளைக்காரனின் தோணி நினைவுக்கு வந்தது. சண்டை தொடங்க முதல் குருநகரில் வேலை செய்த ஒரு எஞ்சினியர், போகும்போது மாதா கோயில் மண்டபத்தில் விட்டுப்போன சிறு தோணி. ஒரு ஆள் இருக்கலாம், இரண்டு பேர் தூக்கலாம்.

கார் ஓட நான் இருந்தேன். ஐயாவுக்குக் கண் மங்கிய பிறகு, ஒருவரும் சொல்லித்தராமல், வாழைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நானே பழகிய ஓட்டம். இரண்டு குலை வாழையும் ஒரு வேலியும் அதற்குப் பலி. அந்த நாளில் பெற்றோலுக்குத் தடை. கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதை எஞ்சினுக்குள் சொட்டுவிட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஐயா சாவியைத் தரும்போது சொன்னது ஒன்றே ஒன்று: “பிள்ளை, இந்தக் கார் ஓடும். நிப்பாட்டினால்தான் பிரச்சினை.”

குருநகரில் ஆள் நடமாட்டம் இல்லை. கோயிலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். நானும் நீயும் அவருமாகத் தோணியைத் தூக்கிக் கூரையில் வைத்தோம். கீழே கொடுத்தது இரண்டு தலையணை. அது காரைவிட நீளம். முன்னுக்கும் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு நின்றது. நீ உடனே கோயிலின் உடைந்த மணிக்கோபுரத்தில் ஏறினாய்.

“எதுக்கடி?”

“மேலை பறந்துகொண்டு பார்க்கிறவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு பார்க்க.”

நீ இறங்கி வந்தாய்.

“எப்பிடி இருக்கு?”

“கார் தெரியேல்லை. பெரிய குண்டு ஒண்டுதான் கிடக்கு.”

பெரியவர் வேப்பங்குழை முறித்து மூடச் சொன்னார். “வேண்டாம் பெரியப்பு. குழை கட்டினால் பெடியளின்ரை வாகனம் எண்டு நேர வந்து அடிப்பான்” என்றாய். போராளிகளின் வாகனங்கள் அப்படித்தான் போகும், அது அவருக்கும் தெரியும். நீ பூட்டிக் கிடந்த உன் வீட்டுக்கு ஓடினாய். பாய், சட்டி, பானை, தும்புத்தடி, சிவப்புப் பிளாஸ்ரிக் வாளி எல்லாவற்றையும் கொண்டுவந்து தோணியின் மேலும் பக்கத்திலும் அடுக்கினாய். வாளியைத் தோணியில் ஆள் இருக்கும் ஓட்டைக்குள் நிமிர்த்தி வைத்தாய்.

“இப்ப பார். இடம்பெயர்ந்த சனம். ஆர் எங்களைச் சந்தேகப்படுவான்?”

நான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்கச் சீற்றில் இருந்தேன். போத்தலில் இருந்த கடைசிச் சொட்டும் திரும்ப ஸ்ரார்ட் பண்ணியதில் முடிந்திருந்தது. நீ வெளியே நின்று கட்டினாய். ஒரு யன்னலால் கயிற்றை உள்ளே விட்டு, மற்ற யன்னலால் எடுத்து, கூரைக்கு மேலால் கொண்டுவந்து, முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. உன் அப்பாவிடம் பழகிய முடிச்சு. காற்றுக்கும் அலைக்கும் அவிழாதது. கட்டி முடித்து உன் பக்கக் கதவை இழுத்தாய். வரவில்லை. நாலு கதவையும் நாமே கட்டிப்போட்டிருந்தோம்.

நாம் சிரித்தோம். நீ யன்னலால் தலையை விட்டு, பிறகு உடம்பை விட்டு, கடைசியில் கால்களை இழுத்துக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தாய். அவிழ்த்துக் கட்டலாம் என்று நீ சொன்னாய், எஞ்சின் இருமியது, போகலாம் என்று நான் சொன்னேன்.

நல்லூரில் ரியூசன் விட்டுச் சைக்கிளில் வந்த பெடியன்கள் பக்கத்தில் வந்து ஓடினார்கள்.

“அக்கா, கார் ஓடுற பொம்பிளைக்குத் தோணியும் சீதனமோ?”

“ஓம் தம்பி. மாப்பிள்ளை கப்பல் வைச்சிருக்கிறார்” என்றாய் நீ.

“அப்ப சட்டி பானை?”

“அது உனக்கு. வா, கழுவித் தாறன்.”

சிரித்துக்கொண்டே பின்தங்கிப் போனார்கள். நீ மட்டும் சிரிப்பை அதோடு நிறுத்தினாய். யன்னலால் தலையை வெளியே போட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கினாய். நானும் இடையிடையே குனிந்து கண்ணாடிக்கு மேலால் பார்த்தேன். கார் ஒரு பக்கம் இழுத்தது.

“மேலை நான் பார்க்கிறன், நீ ரோட்டைப் பார்” என்றாய்.

கோப்பாய்ச் சந்தி தாண்டிக் கிழக்கே திரும்பியதும் மரங்கள் முடிந்தன. இரண்டு பக்கமும் வெட்டை வெளி. தூரத்தில் தண்ணீர். வெயிலில் அந்த ரோட்டில் நம்மைவிட உயரமாக ஒன்றுமே இல்லை. நீ யன்னலால் இடுப்புவரை வெளியே போய் வானத்தைப் பார்த்தாய். அப்போதுதான் எனக்குப் பயம் தொடங்கியது.

முதலில் சைக்கிள்கள் விழுந்தன. முன்னால் போனவர்கள் அப்படியே போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் சத்தம் என் காதுக்கு வந்தது.

“ஹெலி” என்றாய். அவ்வளவுதான்.

கிளச்சை மிதித்து, அக்சிலேற்றரில் இருந்து கால் எடுக்காமல் காரை நிற்கவைத்தேன்; கை தானாகக் கதவுக்குப் போனது. இழுத்தேன். கயிறு இறுகியது. திரும்பவும் இழுத்தேன். ஹெலிகொப்டர் வந்தால் வாகனத்தை விட்டு ஓட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நமக்கு ஓடக் கதவு இல்லை. வெட்டக் கத்தி இல்லை. எஞ்சின் நின்றால் அந்த வெட்டையின் நடுவில் கூரையில் குண்டோடு நிற்கும் கார் நாங்கள்தான். நீ யன்னலால் வெளியே விழுந்து எழும்பினாய்.

“வாடி.”

“என்ரை பக்கக் கண்ணாடி பாதிதான் இறங்கும். உன்ரை பக்கம் வந்தாக் கால் எடுக்கவேணும். நீ ஓடு. மதகுக்குக் கீழை ஓடு.”

மதகு பக்கத்தில்தான் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். ஓட வேண்டும் என்று உன் உடம்பு முழுக்கச் சொன்னது. இப்போதும் எனக்கு உன்னில் அந்த ஒரு பார்வைதான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகும் நீ போகவில்லை.

முன் சில்லின் மட்காட்டில் ஏறிப் பாயை இழுத்தெடுத்தாய். காருக்கு முன்னால் ரோட்டின் நடுவில் அதை விரித்தாய். சட்டியை வைத்தாய். பானையை வைத்தாய். சிவப்பு வாளியை வைத்தாய். வீட்டை விட்டு வந்த ஒரு பெண் சாமான் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். சட்டி மூடி கழன்று உருண்டு போனது. நீ எழும்பிப் போய் அதையும் எடுத்துவந்து மூடினாய். நிழல் நம் மேல் வந்து போய்த் திரும்பி வந்தது. காற்றில் பாயின் ஒரு பக்கம் கிளம்பியது. நீ அதன்மேல் இருந்துகொண்டாய். நான் முருகா என்றேன், நீ மாதாவே என்றாய், இடையில் ஒரு தரம், தலை நிமிராமல், “காலை எடாதை எடி” என்றாய்.

நான் எடுக்கவில்லை.

பிறகு சத்தம் பலாலி விமானத்தளப் பக்கம் போனது. உன் பாயைப் பார்த்துவிட்டுப் போனதா, வேறு அலுவலுக்குப் போனதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாய்க்காலுக்குள் இருந்து ஒரு கிழவர் சேறோடு ஏறி வந்தார். “என்ன பிள்ளையள், நடுரோட்டிலை பாய் போட்டுக் குடித்தனமோ?” என்றார். கேட்டுவிட்டு அவரே உன்னைத் தூக்கி நிமிர்த்தினார். உன் பாவாடை நனைந்திருந்தது. என்னுடையதும்.

தண்ணிக் கரையில் காத்திருந்த உன் அப்பா எழும்பி வந்தார். பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். தோணியைச் சுற்றி வந்து, “உது தோணியோ, செருப்போ?” என்றார். பிறகு அதற்குள் இறங்கி இருந்து கையாலேயே வலித்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம் தானே கொண்டுவந்த நண்டோடு இரண்டு தரம் சோறு வாங்கினார். நீ குசினியில் அடுப்பு மூலையில் நின்று அழுதாய்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு கிளம்பியபோது காரையும் தோணியையும் விட்டுப்போனோம். வன்னியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நாம் அத்தனை காலமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னைக் கொண்டுபோனது காதடியில் பறந்த நுளம்பு.

இப்போதும் நான் காரில் ஏறினால் கதவைப் பூட்டி, திறந்து, திரும்பவும் பூட்டுவேன். கடை வாசலில் எஞ்சினை நிறுத்த மாட்டேன். “அம்மா, பெற்றோல் சும்மா எரியுது” என்று மகன் ஏசுவான். “எரியட்டும்” என்பேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் கயாக் ஓடப் பழகத் தொடங்கியதும், ஏற்றி இறக்க என் கார் இருக்கிறது என்று முதலில் கை உயர்த்தியவள் நான்தான். அன்றிலிருந்து நித்திரையில் கால் இல்லாத அக்சிலேற்றரை அமத்திக்கொண்டே கிடக்கிறது.

இதை வாசிக்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை உங்கள் ஆட்களுக்கு அனுப்புங்கள். அந்த வாய்க்காலுக்குள் கிடந்தவர்கள், நல்லூரில் சீதனம் கேட்ட பெடியன்கள், யாராவது இருந்தால் எழுதுங்கள். ஞாயிறு காலை அந்த மதகடிக்கு வாருங்கள். கயிறு இந்த முறை கதவுக்குள்ளால் போகாது. வானத்தில் கொக்கைத் தவிர ஒன்றும் இருக்காது என்பதும் தெரியும். தெரிந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. ரோட்டை நான் பார்ப்பேன். பக்கத்துச் சீற்றில் இருந்து மேலே பார்க்க ஒரு ஆள் வேண்டும்.