மேல் கட்டத்தில் போட்ட சுழி

அக்டோபர் 6, திங்கள்

வெயில். திருச்சுழி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நூர் அக்காவின் தையல் கடையில் இன்று காஜா, பட்டன் வேலை கிடையாது. கம்ப்யூட்டர் மட்டும்.

அக்கா பழுப்புத் தாளில் வரைந்த ஜாக்கெட் கட்டிங் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றியது நான்தான். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அடியில் கடை நம்பர். அதைப் பார்த்துத் தைக்க ஆள் வரும் என்பது அக்காவின் யோசனை. ஒருவரும் வரவில்லை. தேடினால் நம் பி.டி.எஃப். ஒன்றுகூடத் தென்படுவதில்லை.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன் செல்வி. ஒரு போனும் வரலன்னா இந்தப் பெட்டிய மூடிருவேன். காஜாவுக்கு மட்டும்னு ஆளு வைக்க எனக்குக் கட்டாது."

என்னை மில் வேலைக்கு அனுப்ப அம்மா வேன்காரரிடம் ஏற்கனவே பேசி வைத்திருக்கிறாள். வேன் நிறையப் பெண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது.

அக்டோபர் 7, செவ்வாய்

துபாயில் இருக்கும் நூர் அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஸ்கேன் பண்ணது வெறும் படம்மா. அதுல உள்ள எழுத்து தேடுற மிசினுக்குச் சரியா தெரியாது. டைப் பண்ணிப் போடு. ஃபைலுக்கு ஸ்கேன் பன்னெண்டுன்னு பேரு வச்சா எவுக தேடி வருவாக? ப்ராப்பர்ட்டிஸ்ல கட்டமெல்லாம் காலியா கிடக்கும், அதையும் நிரப்பு."

செய்ய:
ஃபைல் பேர் மாற்ற.
அளவெல்லாம் டைப் அடிக்க.
கட்டங்கள்.
அம்மாவுக்குத் தைலம்.

எனக்குத் தெரிகிற எழுத்து மிசினுக்கு ஏன் தெரியாது? ஒன்பதாவதோடு நின்றவளுக்கே தெரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

மேகம் கூடி, பந்தல்குடிப் பக்கம் போய்விட்டது. பேர் எல்லாம் மாற்றி, அளவும் அடித்தாயிற்று. போட் நெக் கட்டிங், பஃப் கை கட்டிங், இப்படி. ஒவ்வொரு ஃபைலிலும் மேலே ஒரு காலிக் கட்டம். உ போட்டேன். பிறகு மற்றக் கட்டங்கள்.

கடைசித் தாளில் அளவே இல்லை. வெறும் கைக்குழிப் படம், கை வந்து சேரும் வளைவு. என்ன எழுத என்று கேட்டேன். அக்கா குண்டூசியைப் பல்லில் கடித்தபடி, "கையத் தூக்குனா ஜாக்கெட்டு இழுக்குதா, கைக்குழிய ரொம்ப ஆழமா வெட்டாதீக. அக்குள் கிட்ட துணி விடுங்க. வாரவளுக எல்லாம் இதத்தான கேக்குறாளுக" என்றார்.

அப்படியே அடித்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். எழுதுகிற தமிழ் இல்லை. மாற்ற நேரமில்லை, பஸ்.

அக்டோபர் 13, திங்கள்

கடைப் பேரோடு தேடினோம். வந்தது. அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நம் ஃபைல்கள்தான், வரிசையாக. ஆனால் நீல எழுத்தில் தலைப்பு வரும் இடத்தில் எல்லாவற்றுக்கும் உ. உ. உ. உ.

"என்னடி இது?"

"பிள்ளையார் சுழிக்கா. மேல காலியா இருந்துச்சு."

அக்கா என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க அத்தா 786 போடாம ஒரு பில்லு கிழிக்க மாட்டாக. ஆனா கடை போர்டுல அத மட்டும் எழுதி வச்சா எவன் உள்ள வருவான்? எடுத்துருடி."

அது தலைப்புக் கட்டமாம். சுழியை எழுதித்தான் பழக்கம், அழித்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, கட்டிங் பேரை அடித்தேன். கைக்குழி ஒன்றுதான் மிச்சம் இருக்கும்போது கரண்ட் போனது.

அக்டோபர் 15, புதன்

தூறல். கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. கைக்குழியில் சுழியை எடுக்கவில்லை. மறதி இல்லை. ஒன்றாவது இருக்கட்டும். அக்காவிடம் சொல்லவில்லை.

போன் ஏதும் இல்லை.

அம்மா: "மில்லுல தீபாவளி கழிச்சு வரச் சொல்லிட்டாக. டிபன் பாக்ஸு ஒன்னு வாங்கணும்டி."

அக்டோபர் 17, வெள்ளி

காலையிலிருந்து கடையில் தீபாவளிக் கூட்டம். மத்தியானம் அக்கா தொழ உள்ளே போன நேரம், போன். நான் எடுப்பதில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"நரிக்குடியிலருந்து பேசுறேன். கையத் தூக்குனா ஜாக்கெட்டு இழுக்குதுன்னு போட்டிருக்கது உங்க கடைதான?"

"ம்."

"நானும் அதத்தான் அடிச்சுத் தேடுனேன். மேல சுழி போட்டிருந்துச்சு. யாரோ வீட்டுப் புள்ள எழுதுனதுன்னு அமுக்கிப் பாத்தேன். ஜாக்கெட்டு தைக்கணும், நாளைக்கு வரட்டுமா?"

"வாங்க" என்றேன். இவ்வளவு சத்தமாகவா சொன்னேன்? துணி கொடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா வந்ததும் எல்லாம் சொன்னேன், சுழியை விட்டுவைத்ததையும். திட்டவில்லை. "சுழியப் பாத்து வந்தாளா, நான் சொன்னதப் பாத்து வந்தாளா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. நான் பேசப் பேச மத்த ஃபைலுக்கும் அடி. தீபாவளி கழிச்சு அதான் உனக்கு வேல. சுழிய உள்ள முதல் வரில போட்டுக்க, போர்டுல வேணாம்."

அந்தக் கைக்குழி ஃபைலை என்ன செய்ய என்று கேட்டேன். அக்கா கத்தரியை எடுத்துக்கொண்டார். "அதத் தொடாத."

வீட்டுக்கு வந்தால் புது டிபன் பாக்ஸ், மில்லுக்கென்று அம்மா வாங்கியது. விஷயத்தைச் சொன்னேன். "எதப் பாத்துடி போன் பண்ணாக?" என்றாள். பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்கு.